தமிழ் எழுத்துணரியை ஒரு படிமத்தில் அடைத்தல்: டாக்கருக்குப் புதியவர்களுக்கான வழிகாட்டி

அச்சிட்ட பக்கத்தின் ஸ்கேனைப் படித்து அதை உரையாக மாற்றித் தரும் டெசராக்ட் என்ற எழுத்துணரி, ஹியூலெட்-பேக்கர்டு நிறுவனத்தில் 1985ஆம் ஆண்டு முதல் 1994 வரை உருவாக்கப்பட்டு, 2005இல் கட்டற்ற மென்பொருளாக வெளியிடப்பட்டது. 2018இல் வெளிவந்த அதன் 4ஆம் பதிப்பு நரம்பணு வலையமைப்பு முறைக்கு மாறிய பிறகு, தமிழ்ப் பக்கங்களுக்கும் அது பயன்படக்கூடிய கருவியாயிற்று. அதை ஒரே கணினியில் நிறுவுவது கடினமன்று. பழைய நூல்களை மின்னுரையாக்க முன்வந்த பத்துப் பேர், பத்துக் கணினிகளில், ஒரே பக்கத்துக்கு ஒரே விடையைப் பெற வேண்டும் என்னும்போதுதான் தொல்லை தொடங்குகிறது. ஒருவரிடம் விண்டோஸ் இருக்கும். இன்னொருவரிடம் உபுண்டுவின் பழைய வெளியீடு இருக்கும். மூன்றாமவருடைய மேக் கணினியில் மென்பொருள் இருந்தாலும் தமிழுக்கான பயிற்சித் தரவு இருக்காது. பிழை மென்பொருளில் உள்ளதா, பதிப்பில் உள்ளதா, ஸ்கேனில் உள்ளதா என்று கண்டுபிடிப்பதிலேயே ஒரு மாலைப் பொழுது போய்விடும்.

மென்பொருளையும், அது நம்பியிருக்கும் நூலகங்களையும் (துணை நிரல் தொகுப்புகள்), தமிழ்த் தரவையும் ஒரே பொதியாகக் கட்டி, அந்தப் பொதியையே பத்துப் பேருக்கும் கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லை பெருமளவு தீரும். அப்படிக் கட்டவும் பகிரவும் இயக்கவும் உதவும் கருவிதான் டாக்கர். அத்தகைய பொதியை ஆங்கிலத்தில் இமேஜ் என்பார்கள். இக்கட்டுரை அதைப் படிமம் என்று அழைக்கிறது. படிமத்திலிருந்து இயங்கும் ஒன்றைக் கொள்கலன் என்று அழைக்கிறது. நூலின் பக்கத்தை எடுத்த படத்தைக் குழப்பம் தவிர்க்க ஸ்கேன் என்றே குறிப்பிடுகிறேன். கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் ஒலிப்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரமான முனையத்தில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டச்சு செய்ய வேண்டும். பேரெழுத்து தேவைப்படும் இடங்களில் தனியே சொல்லியிருக்கிறேன்.

தொடங்கும் முன் தெரிந்திருக்க வேண்டியது

கொள்கலனைச் சிறிய மெய்நிகர்க் கணினி (ஒரு கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) என்று பலர் விளக்குகிறார்கள். தொடக்கத்தில் அந்த விளக்கம் உதவும், பின்னால் வழிதவறச் செய்யும். மெய்நிகர்க் கணினிக்கு, இயங்குதளத்தின் மையக்கருவான கெர்னல் தனியாக உண்டு, கொள்கலனுக்கு இல்லை. கொள்கலன் என்பது உங்கள் லினக்ஸ் கெர்னலின் மேல் மற்ற நிரல்களைப் போலவே ஓடும் ஒரு சாதாரணச் செயல்முறைதான். ஆனால் தனக்கென ஒரு கோப்பு முறைமையும், தனக்கென ஒரு வலையமைப்பும், தனக்கென ஒரு செயல்முறைப் பட்டியலும் இருப்பதாக அது நம்பும்படி கெர்னல் ஏற்பாடு செய்துவிடுகிறது. அந்த ஏற்பாட்டுக்கு நேம்ஸ்பேஸ் என்று பெயர். எவ்வளவு நினைவகம், எவ்வளவு செயலி நேரம் என்று வரம்பு கட்டுவது சிகுரூப் என்ற மற்றொரு வசதி; கூகுள் பொறியாளர்கள் எழுதிய இது, 2008 ஜனவரியில் வெளிவந்த லினக்ஸ் 2.6.24 கெர்னலில் இடம்பெற்றது. ஒரு செயல்முறைக்கு வேறொரு கோப்புறையையே வேர்க் கோப்புறையாகக் காட்டும் சிஎச்ரூட் என்ற உத்தி இவற்றுக்கெல்லாம் மூத்தது. 1979இல் வந்த யூனிக்ஸ் 7ஆம் பதிப்பிலேயே அது இருந்தது.

அப்படியானால் டாக்கர் எதைப் புதிதாகக் கொண்டுவந்தது என்ற கேள்வி எழும். 2013 மார்ச் மாதம் சாந்தா கிளாராவில் நடந்த பைகான் மாநாட்டில், டாட்கிளவுட் நிறுவனத்தின் சாலமன் ஹைக்ஸ் ஐந்து நிமிடச் சிற்றுரையொன்றில் அதை அறிமுகப்படுத்தியபோது, கெர்னலில் இருந்த வசதிகள் எவையும் புதியவை அல்ல. படிமத்தை அடுக்குகளாகக் கட்டுவதும், அதற்கு ஒரு பெயரிட்டுப் பொது இடத்தில் ஏற்றுவதும், அந்தப் பெயரைச் சொல்லி வேறொருவர் இறக்கி இயக்குவதும் மூன்று கட்டளைகளில் முடிந்தனவே, அதுதான் புதியது. 2015இல் ஓப்பன் கன்டெய்னர் இனிஷியேட்டிவ் என்ற அமைப்பு தொடங்கப்பட்டுப் படிமத்தின் வடிவம் பொதுத்தரமாக வகுக்கப்பட்டது. எனவே டாக்கரில் கட்டிய படிமம் ரெட் ஹேட் உருவாக்கிய, டாக்கருக்கு மாற்றான பாட்மேனிலும் ஓடும். கீழே வரும் கட்டளைகளில் பெரும்பாலானவற்றில் ‘டாக்கர்’ என்ற சொல்லுக்குப் பதில் ‘பாட்மேன்’ என்று இட்டாலே போதும்.

படிமம், ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த, இனி ஒருபோதும் மாறாத கோப்பு அடுக்குகளின் தொகுப்பு. கொள்கலனை இயக்கும்போது அந்த அடுக்குகளின் மேல் எழுதக்கூடிய மெல்லிய அடுக்கு ஒன்று சேர்கிறது. கொள்கலனை நீக்கினால் அந்த அடுக்கும் போய்விடும். மூன்றாவதாக, உங்கள் கணினியின் ஒரு கோப்புறையைக் கொள்கலனுக்குள் இணைத்தால், அங்கே எழுதுபவை உங்களிடமே தங்கும். உறைந்த படிமம், அழியும் மேலடுக்கு, நிலைக்கும் கோப்புறை ஆகிய இம்மூன்றில் இப்போது எதில் எழுதிக்கொண்டிருக்கிறோம் என்று தெளிவாக இருப்பவருக்கு டாக்கரில் பாதித் திகைப்பு வராது. கீழே ஒவ்வொரு படியிலும் இந்தக் கேள்விக்கே திரும்புவோம்.

நிறுவுதல்

லினக்ஸில் டாக்கர் என்ஜினை நேரடியாக நிறுவலாம். டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் வகைகளின் மென்பொருள் களஞ்சியத்தில் அதன் நிறுவற்பொதிக்கு ‘டாக்கர்.ஐஓ’ என்று பெயர். வெறுமனே ‘டாக்கர்’ என்ற பெயரை முன்பே வேறொரு சிறு நிரல் எடுத்துக்கொண்டுவிட்டதால் வந்த பெயர் இது. விண்டோஸிலும் மேக்கிலும் லினக்ஸ் கெர்னல் இல்லாததால், டாக்கர் டெஸ்க்டாப் என்ற நிரல் பின்னணியில் ஒரு லினக்ஸ் மெய்நிகர்க் கணினியை ஓட்டி, அதற்குள் கொள்கலன்களை இயக்குகிறது. விண்டோஸில் இதற்குப் பொதுவாக டபிள்யூஎஸ்எல் 2 என்ற, விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் வசதி பயன்படுகிறது. தனிநபர் பயன்பாட்டுக்கு டாக்கர் டெஸ்க்டாப் இலவசம். ஆனால் 2021இல் வந்த மாற்றத்தின்படி, 250 பேருக்கு மேல் பணிபுரியும் நிறுவனங்களும் ஆண்டு வருவாய் 1 கோடி டாலரைத் தாண்டிய நிறுவனங்களும் கட்டணம் செலுத்த வேண்டும் என்பதால், அலுவலகக் கணினியில் நிறுவும் முன் கேட்டுக்கொள்வது நல்லது.

லினக்ஸில் ஒவ்வொரு கட்டளைக்கும் முன் நிர்வாகி உரிமை தரும் ‘சூடோ’வைப் போடாமல் இருக்க, உங்கள் பயனரை ‘டாக்கர்’ என்ற குழுவில் சேர்க்கும்படி எல்லா வழிகாட்டிகளும் சொல்லும். அந்தக் குழுவில் இருப்பவர் கணினியின் வேர்க் கோப்புறை முழுவதையும் ஒரு கொள்கலனுக்குள் இணைத்து நிர்வாகி உரிமையோடு திருத்த முடியும். ஆகவே பலர் பகிர்ந்துகொள்ளும் கணினியில் ஒருவரை அக்குழுவில் சேர்ப்பது அவரிடம் நிர்வாகிக் கடவுச்சொல்லைக் கொடுப்பதற்குச் சமம்.

நிறுவிய பின் ‘டாக்கர் ரன் ஹலோ-வேர்ல்ட்’ என்று தட்டச்சு செய்து பாருங்கள். அந்தப் பெயரில் உங்களிடம் படிமம் இல்லை என்பதைக் கண்டு, டாக்கர் ஹப் என்ற பொதுப் பதிவகத்திலிருந்து அதை இறக்கி, இயக்கி, ஒரு வாழ்த்துச் செய்தியை அச்சிட்டு அது முடிந்துவிடும். இறக்கிய படிமம் உங்கள் கணினியில் தங்கிவிட்டதால், அதே கட்டளையை மீண்டும் இட்டால் இறக்கும் படி இருக்காது.

டாக்கர்ஃபைலை எழுதுதல்

‘தமிழ்-ஓசிஆர்’ என்ற பெயரில் ஒரு கோப்புறையை உருவாக்கி, அதற்குள் ‘டாக்கர்ஃபைல்’ என்ற கோப்பைத் திறந்துகொள்ளுங்கள். முதலெழுத்து பேரெழுத்தாக இருக்க வேண்டும். கோப்புக்குப் பின்னொட்டு எதுவும் கூடாது. விண்டோஸின் நோட்பேடு கேளாமலேயே ‘.டிஎக்ஸ்டி’ என்ற பின்னொட்டைச் சேர்த்துவிடும். கோப்பைக் காணவில்லை என்று டாக்கர் முறையிடும்போது முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். இந்தக் கோப்பின் ஒவ்வொரு வரியும் ஓர் ஆணைச்சொல்லோடு தொடங்கும். அச்சொற்களைப் பேரெழுத்தில் எழுதுவது மரபு.

முதல் வரியில் ‘ஃப்ரம்’ என்ற ஆணையோடு ‘டெபியன்:புக்வார்ம்-ஸ்லிம்’ என்று எழுதுகிறோம். எந்தப் படிமத்தின் மேல் நம்முடையதைக் கட்டுகிறோம் என்பதை இது சொல்கிறது. புக்வார்ம் என்பது 2023 ஜூன் மாதம் வெளிவந்த டெபியன் 12இன் பெயர். ஸ்லிம் என்பது கையேடுகள் போன்றவற்றை நீக்கிய சிறிய வடிவம், ஏறத்தாழ 75 மெகாபைட் இருக்கும். 10 மெகாபைட்டுக்கும் குறைவான ஆல்பைன் என்ற லினக்ஸ் வகை இருக்க இது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஆல்பைன் பயன்படுத்துவது மசல் என்ற வேறொரு சி நூலகம். மற்ற இடங்களில் ஓடும் நிரல்கள் அதில் எதிர்பாராத வகையில் முரண்டு பிடிப்பதுண்டு. முதல் படிமத்திலேயே அந்தச் சிக்கலோடு மல்லுக்கட்ட வேண்டாம் என்பது என் கருத்து; எழுபது மெகாபைட் சேமிப்பதற்காக ஒரு நாளை இழப்பது நல்ல பேரம் அன்று.

இரண்டாவது வரியின் ஆணை ‘ரன்’. படிமத்தைக் கட்டும்போது ஓட வேண்டிய கட்டளைகளை இதில் தருகிறோம். இங்கே மூன்று வேலைகள்: ‘ஏபிடி-கெட் அப்டேட்’ என்ற கட்டளையால் பொதிப் பட்டியலைப் புதுப்பித்தல், ‘ஏபிடி-கெட் இன்ஸ்டால்’ என்ற கட்டளையால் ‘டெசராக்ட்-ஓசிஆர்’, ‘டெசராக்ட்-ஓசிஆர்-டாம்’ என்ற இரண்டு பொதிகளை நிறுவுதல், இறக்கிய பொதிப் பட்டியல்கள் கிடக்கும் ‘/வார்/லிப்/ஏபிடி/லிஸ்ட்ஸ்’ கோப்புறையின் உள்ளடக்கத்தை அழித்தல். ‘டாம்’ (tam) என்பது தமிழுக்கான மூன்றெழுத்துக் குறியீடு. நிறுவும் கட்டளையில், கேள்வி கேட்காமல் செய் என்பதற்கு ‘-ஒய்’ என்ற விருப்பத்தையும், பரிந்துரைக்கப்பட்ட கூடுதல் பொதிகள் வேண்டாம் என்பதற்கு ‘--நோ-இன்ஸ்டால்-ரெக்கமெண்ட்ஸ்’ என்ற விருப்பத்தையும் சேர்க்க வேண்டும்.

இந்த மூன்று வேலைகளையும் மூன்று தனி ‘ரன்’ வரிகளாக எழுதாமல், இரட்டை ‘&’ குறியால் இணைத்து ஒரே வரியாக எழுத வேண்டும். இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. படிமம் என்ற கருத்தே இவற்றில் அடங்கியிருப்பதால் சற்று நின்று கவனியுங்கள். ஒவ்வொரு ‘ரன்’ வரியும் ஓர் அடுக்கை உண்டாக்குகிறது, உண்டான அடுக்கு மாறாது. முதல் அடுக்கில் வந்துவிட்ட கோப்பை மூன்றாம் அடுக்கில் அழித்தால், அது கண்ணுக்குத் தெரியாதபடி மறைக்கப்படுகிறதே தவிர, முதல் அடுக்கில் அப்படியே இருக்கும். படிமத்தின் எடை குறையாது. இரண்டாவது காரணம் இடைச்சேமிப்பு. ஒரு வரியும் அதற்கு முன்னுள்ளவையும் மாறவில்லை என்றால், டாக்கர் அதை மறுபடி ஓட்டாமல் பழைய அடுக்கையே எடுத்துக்கொள்ளும். புதுப்பிக்கும் கட்டளை தனி வரியில் இருந்தால், ஆறு மாதம் கழித்து நிறுவும் வரியை மட்டும் நீங்கள் மாற்றும்போது, ஆறு மாதப் பழைய பட்டியலை வைத்துக்கொண்டு, களஞ்சியத்திலிருந்து நீக்கப்பட்டுவிட்ட பதிப்பைத் தேடி அது தோற்கும்.

மூன்றாவது வரி ‘வொர்க்டிர் /டேட்டா’. கொள்கலன் இயங்கும்போது எந்தக் கோப்புறையில் நிற்க வேண்டும் என்பது இது. நான்காவது வரியின் ஆணை, எந்த நிரல் ஓட வேண்டும் என்று சொல்லும் ‘என்ட்ரிபாயின்ட்’. அதற்குப் பின் சதுர அடைப்புக்குறிக்குள், இரட்டை மேற்கோளிட்டு ‘டெசராக்ட்’ என்று எழுத வேண்டும். ஐந்தாவது வரி ‘சிஎம்டி’, அதே வடிவில் ‘--ஹெல்ப்’. கொள்கலனை இயக்கும்போது நீங்கள் தரும் சொற்கள் ‘சிஎம்டி’யின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், ‘என்ட்ரிபாயின்ட்’ அப்படியே நிற்கும். அதனால், எதுவும் தராமல் இயக்குபவருக்கு உதவிக் குறிப்பு கிடைக்கும், கோப்புப் பெயரைத் தருபவருக்கு வேலை நடக்கும். மேற்கோள் ஒற்றையாக இருந்தால் டாக்கர் அதைப் பட்டியலாகக் கருதாமல் கட்டளைகளை ஏற்று நடத்தும் ஷெல் என்ற நிரலிடம் தள்ளிவிடும். அப்போது வரும் பிழைச்செய்தி உண்மையான காரணத்தை மறந்தும் சொல்லாது.

கட்டுதல்

அந்தக் கோப்புறையில் நின்றுகொண்டு ‘டாக்கர் பில்டு -டி தமிழ்-ஓசிஆர்:1.0 .’ என்ற கட்டளையை இடுங்கள். கடைசியிலுள்ள புள்ளியைப் பலர் அச்சுப்பிழை என்று எண்ணி விட்டுவிடுகிறார்கள். இந்தக் கோப்புறையிலிருந்துதான் கோப்புகளை எடுக்க வேண்டும் என்று டாக்கருக்குச் சொல்வது அதுவே. ‘-டி’ (ஆங்கில t) என்பதற்குப் பின் வருவது படிமத்தின் பெயர். முக்காற்புள்ளிக்குப் பின்னுள்ள 1.0 அதன் குறிச்சொல். படிமத்தின் பெயரில் ஆங்கிலச் சிற்றெழுத்துகளும், எண்களும், புள்ளி, கோடு போன்ற சில குறிகளும் மட்டுமே வரலாம். தமிழ் எழுத்துகளை அது ஏற்காது என்பது தமிழ்க் கருவி ஒன்றைக் கட்டும் நமக்குச் சிறு வருத்தம்தான்.

கட்டி முடிந்ததும் ‘டாக்கர் இமேஜ் எல்எஸ்’ என்ற கட்டளை அளவைக் காட்டும். ‘டாக்கர் ஹிஸ்டரி தமிழ்-ஓசிஆர்:1.0’ என்ற கட்டளை எந்த வரி எவ்வளவு இடத்தைப் பிடித்தது என்று அடுக்கு அடுக்காகக் காட்டும். பின்னர் ‘டாக்கர் ரன் --ஆர்எம் தமிழ்-ஓசிஆர்:1.0 --லிஸ்ட்-லாங்ஸ்’ என்று இட்டால் ஆங்கிலம், எழுத்துத் திசையறியும் தரவு, தமிழ் ஆகிய மூன்றும் பட்டியலில் வர வேண்டும். முதலிரண்டும் டெசராக்ட் பொதி தானே இழுத்துவருபவை. மூன்றாவது நாம் சேர்த்தது. ‘--ஆர்எம்’ என்பது வேலை முடிந்ததும் கொள்கலனை நீக்கிவிடு என்ற ஆணை. அதை இடாவிட்டால் முடிந்துபோன கொள்கலன்கள் கண்ணில் படாமல் குவிந்துகொண்டே இருக்கும்.

ஒரு பக்கத்தை உரையாக்குதல்

ஸ்கேன்கள் இருக்கும் கோப்புறைக்குச் சென்று, ‘பக்கம்12.பிஎன்ஜி’ என்ற கோப்பு இருப்பதாகக் கொண்டு, பின்வரும் கட்டளையை இடுங்கள்.

டாக்கர் ரன் --ஆர்எம் -வி "$பிடபிள்யூடி":/டேட்டா தமிழ்-ஓசிஆர்:1.0 பக்கம்12.பிஎன்ஜி பக்கம்12 -எல் டாம்

டாலர் குறிக்குப் பின்னுள்ள மூன்றெழுத்துகளைப் பேரெழுத்தில் எழுத வேண்டும். நீங்கள் இப்போது நிற்கும் கோப்புறையின் பாதையை அவை குறிக்கின்றன. ‘-வி’ என்ற விருப்பம், முக்காற்புள்ளிக்கு முன்னுள்ள உங்கள் கோப்புறையைப் பின்னுள்ள கொள்கலன் கோப்புறையோடு இணைக்கிறது. அந்த விருப்பத்தை விட்டுவிட்டால், கோப்பு கண்ணெதிரே இருக்க, கோப்பு இல்லை என்று டெசராக்ட் சொல்லும். அது பொய் சொல்லவில்லை. அதன் உலகில் அந்தக் கோப்பு இல்லை. வெளியீட்டுப் பெயரில் பின்னொட்டு தரத் தேவையில்லை, ‘.டிஎக்ஸ்டி’ தானே சேரும். பக்கத்தில் ஆங்கிலச் சொற்களும் கலந்திருந்தால் ‘-எல்’ என்பதற்குப் பின் தமிழ்க் குறியீட்டோடு கூட்டல் குறியிட்டு ஆங்கிலத்துக்கான ‘இஎன்ஜி’யையும் சேர்க்கலாம்.

லினக்ஸில் இதைச் செய்தவர்கள், கிடைத்த உரைக் கோப்பைத் திருத்திச் சேமிக்க முயலும்போது அனுமதி இல்லை என்ற செய்தியைக் காண்பார்கள். கொள்கலனுக்குள் நிரல் நிர்வாகியாக ஓடுகிறது. கெர்னல் ஒன்றே என்பதால், அது எழுதும் கோப்பின் உரிமையாளரும் உங்கள் கணினியின் நிர்வாகியே ஆகிவிடுகிறார். ‘-வி’க்கு முன்னால் ‘--யூசர் "$(ஐடி -யூ):$(ஐடி -ஜி)"’ என்று சேர்த்தால் உங்கள் பயனர் எண்ணிலேயே நிரல் ஓடும். நிர்வாகி உரிமையின்றிப் பாட்மேனைப் பயன்படுத்துவோர் இதைச் சேர்க்கக் கூடாது; அங்கே கொள்கலனின் நிர்வாகி எண்ணே உங்கள் எண்ணாக மாற்றிக் காட்டப்படுகிறது. ஃபெடோரா போன்ற, எஸ்ஈலினக்ஸ் என்ற பாதுகாப்பு அமைப்பு இயங்கும் கணினிகளில் இணைப்பின் இறுதியில் முக்காற்புள்ளியிட்டு ‘இசட்’ என்ற சிற்றெழுத்தைச் சேர்க்காவிட்டால், கோப்பைப் படிக்கவே அனுமதி கிடைக்காது.

முந்நூறு பக்க நூலுக்கு முந்நூறு முறை இக்கட்டளையை இடுவது வீண் உழைப்பு. கோப்புறையிலுள்ள ஒவ்வொரு பிஎன்ஜி கோப்பையும் எடுத்து டெசராக்டிடம் தரும் ஐந்தாறு வரி ஷெல் நிரலை ‘எல்லாம்.எஸ்எச்’ என்று எழுதி, டாக்கர்ஃபைலில் ‘காப்பி’ என்ற ஆணையால் படிமத்துக்குள் கொண்டுவந்து, ‘என்ட்ரிபாயின்ட்’டை அதன் பக்கம் திருப்பிவிடலாம். இந்தக் ‘காப்பி’ வரி நிறுவும் வரிக்குக் கீழேதான் வர வேண்டும். மேலே வைத்தால், ஷெல் நிரலில் ஒரு காற்புள்ளியை மாற்றினாலும் அதற்குக் கீழுள்ள இடைச்சேமிப்பு முழுவதும் செல்லாததாகி, பொதிகள் அனைத்தும் மறுபடி இறங்கும். அரிதாக மாறுபவை மேலே, அடிக்கடி மாறுபவை கீழே என்பது டாக்கர்ஃபைல் எழுதுவோர் முதலில் பழக வேண்டிய ஒழுங்கு. விண்டோஸில் எழுதிய ஷெல் நிரலாக இருந்தால், வரி முடிவை லினக்ஸ் முறைக்கு மாற்றிச் சேமியுங்கள். மாற்றாவிட்டால், கோப்பு கண்முன் இருந்தும் ‘அப்படிக் கோப்போ கோப்புறையோ இல்லை’ என்ற செய்தி வரும். நான் ஓர் இரவு முழுவதையும் இந்தச் செய்தியிடம் தோற்றிருக்கிறேன். முதல் வரியின் இறுதியில் ஒட்டிக்கொண்ட கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்தே அதற்குக் காரணமாக இருந்தது.

பல பக்கங்களை ஒரே நேரத்தில் ஓட்டும் எண்ணம் இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். டெசராக்ட் ஒரு பக்கத்துக்கே நான்கு இழைகள் (ஒருங்கே ஓடும் வேலைக்கிளைகள்) வரை பயன்படுத்தும். நான்கு கொள்கலன்களை ஒருங்கே ஓட்டினால் அவை செயலிக்காக ஒன்றோடொன்று மோதி, ஒவ்வொன்றாக ஓடுவதைவிட மெதுவாகலாம். ‘ஓஎம்பி_த்ரெட்_லிமிட்’ என்ற சூழல் மாறியைப் பேரெழுத்தில் எழுதி, ‘என்வ்’ ஆணையால் 1 என்று வைத்துவிட்டால் இது தீரும். நினைவகத்துக்கு ‘--மெமரி’, செயலிக்கு ‘--சிபியூஸ்’ என்ற விருப்பங்கள் வரம்பிடும். கொள்கலன் ஒன்று சொல்லாமல் கொள்ளாமல் நின்று, முடிவு எண் 137 என்று காட்டினால், பெரும்பாலும் நினைவக வரம்பைத் தாண்டியதால் கெர்னல் அதைக் கொன்றிருக்கிறது என்று பொருள்: 128உடன், கொல்லும் சைகையின் எண்ணான 9 கூடியது.

பகிர்தல்

டாக்கர் ஹப்பில் கணக்குத் தொடங்கியபின், ‘டாக்கர் லாகின்’ என்ற கட்டளையால் உள்நுழையுங்கள். கடவுச்சொல்லுக்குப் பதிலாக, வேண்டும்போது நீக்கிவிடக்கூடிய அணுகல் வில்லையை அங்கே உருவாக்கித் தருவது பாதுகாப்பானது. படிமத்தின் பெயர் உங்கள் பயனர்பெயரோடு தொடங்க வேண்டும் என்பதால், ‘டாக்கர் டேக்’ என்ற கட்டளையால் பயனர்பெயர், சாய்கோடு, ‘தமிழ்-ஓசிஆர்:1.0’ என்ற இரண்டாவது பெயரை அதற்கு இடுங்கள். இது படிமத்தை நகலெடுக்காது. அதே படிமத்துக்கு மற்றொரு பெயர் மட்டுமே. பின்னர் ‘டாக்கர் புஷ்’ அதைப் பதிவகத்தில் ஏற்றும். பெற விரும்புவோர் ‘டாக்கர் புல்’ என்று அதே பெயரைச் சொன்னால் போதும். உங்கள் அடித்தளமான டெபியன் அடுக்கு அவர்களிடம் முன்பே இருந்தால், அதை விட்டு மற்ற அடுக்குகள் மட்டுமே இறங்கும்.

குறிச்சொல் குறித்து ஒரு தவறான எண்ணம் பரவலாக உள்ளது. குறிச்சொல் எதுவும் தராவிட்டால் டாக்கர் ‘லேட்டஸ்ட்’ என்பதை எடுத்துக்கொள்ளும். அப்பெயர் மிகப் புதியது என்று பொருள் தந்தாலும், அது வெறும் இயல்புப் பெயர்தான், எந்தப் பழைய படிமத்தின் மேலும் ஒட்டியிருக்கலாம். 1.0 என்பதும் நகர்த்தக்கூடிய பெயர்ச்சீட்டே. ஏற்றும்போது இறுதியில் ‘எஸ்எச்ஏ256’ என்று தொடங்கி 64 எழுத்துகளில் ஒரு சுருக்கமதிப்பு வருகிறதல்லவா, அது மட்டுமே உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படுவதால் மாறாதது. பத்துப் பேரும் ஒரே படிமத்தையே இயக்குகிறார்கள் என்று உறுதியாகச் சொல்ல வேண்டுமானால், பெயருக்குப் பின் ‘@’ குறியிட்டு அந்தச் சுருக்கமதிப்பைக் கொடுத்து இறக்கச் சொல்லுங்கள்.

ஏற்றும் முன் பார்க்க வேண்டிய இரண்டில் முதலாவது மறைபொருள். ‘காப்பி . .’ என்று எழுதினால் கோப்புறையிலுள்ள அனைத்தும், கடவுச்சொற்கள் உள்ள ‘.என்வ்’ கோப்பும் உட்பட, படிமத்துக்குள் போய்விடும். அடுத்த வரியில் அதை அழித்தாலும் கீழடுக்கில் அது இருக்கும் என்பதை முன்பே பார்த்தோம். படிமத்தை இறக்கிய எவரும் அடுக்கைப் பிரித்து எடுக்கலாம். படிமத்தில் சேரக் கூடாதவற்றை ‘.டாக்கர்இக்னோர்’ என்ற கோப்பில் வரிக்கு ஒன்றாக எழுதிவையுங்கள். ஏற்கெனவே ஏற்றிவிட்டீர்கள் என்றால், படிமத்தை நீக்குவதோடு நிறுத்தாமல் அந்தக் கடவுச்சொல்லையும் மாற்றிவிட வேண்டும்.

இரண்டாவது செயலியின் வகை. 2020 நவம்பர் முதல் விற்பனைக்கு வந்த ஆப்பிளின் எம் வரிசைக் கணினிகளும் ராஸ்பெரி பையும் ஆர்ம் வகைச் செயலிகளைக் கொண்டவை. மற்ற மடிக்கணினிகளிலும் வழங்கிகளிலும் பெரும்பாலும் இன்டெல், ஏஎம்டி வகை. ஒன்றில் கட்டிய படிமத்தை மற்றொன்றில் ஓட்டினால் ‘எக்செக் ஃபார்மட் எரர்’ என்று ஒற்றை வரியோடு நின்றுபோகலாம். ‘டாக்கர் பில்டுஎக்ஸ் பில்டு’ என்ற கட்டளையில் ‘--பிளாட்ஃபார்ம் லினக்ஸ்/ஏஎம்டி64,லினக்ஸ்/ஆர்ம்64’ என்று தந்து, ‘--புஷ்’ என்பதையும் சேர்த்தால், இரண்டு வகைக்கும் கட்டி ஒரே பெயரில் ஏற்றிவிடும். இறக்குபவருக்கு எது பொருந்துமோ அது தானே போய்ச்சேரும். நம் படிமத்தின் டெபியன் அடித்தளமும் டெசராக்ட் பொதிகளும் இரு வகைக்கும் இருப்பதால் டாக்கர்ஃபைலில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. உங்கள் செயலியல்லாத மற்ற வகைக்குக் கட்டுவது, அச்செயலியை மென்பொருளால் போலச்செய்தல் மூலம் நடப்பதால் மெதுவாகவே நடக்கும், பொறுத்திருங்கள்.

இணைய இணைப்பு மெலிந்த நூலகத்துக்கோ பள்ளிக்கோ கொண்டுசெல்ல, ‘டாக்கர் சேவ் -ஓ’ என்ற கட்டளை படிமத்தை ஒரே ‘.டார்’ கோப்பாக எழுதித் தரும். விரலியில் எடுத்துச்சென்று அங்கே ‘டாக்கர் லோடு -ஐ’ என்று ஏற்றிக்கொள்ளலாம். இதைப் போலவே தோன்றும் ‘டாக்கர் எக்ஸ்போர்ட்’ என்ற கட்டளையோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அது கொள்கலனின் கோப்புகளை மட்டும் தட்டையாக எடுக்கும். ‘என்ட்ரிபாயின்ட்’ முதலிய குறிப்புகள் அனைத்தும் உதிர்ந்துவிடும்.

இணையச் சேவையாக இயக்க விரும்புவோருக்கு

உலாவி வழியே ஸ்கேனை ஏற்றி உரையைப் பெறும் சிறு சேவையாக இதை வளர்க்க நினைப்பவர்களுக்கு இரண்டு குறிப்புகள். கொள்கலனுக்குள் உங்கள் நிரல் 127.0.0.1 என்ற முகவரியில் காத்திருந்தால், அது கொள்கலனின் சொந்த உள்முகவரி என்பதால், வெளியிலிருந்து எவராலும் எட்ட முடியாது, 0.0.0.0 என்று மாற்றுங்கள். வெளிப்பக்கம் இதற்கு நேர்மாறு: ‘-பி 8080:8000’ என்று துறையை (போர்ட் என்னும் இணைப்பு வாயில்) திறந்தால் அது கணினியின் எல்லா முகவரிகளிலும் திறக்கும், உபுண்டுவின் யூஎஃப்டபிள்யூ தீயரணில் நீங்கள் இட்ட தடையையும் தாண்டித் திறக்கும். உங்களுக்கு மட்டும் போதுமென்றால் ‘-பி 127.0.0.1:8080:8000’ என்று எழுதுங்கள்.

பராமரிப்பு

உறைந்த படிமத்துக்குள் பாதுகாப்புத் திருத்தங்கள் தாமாக வந்து சேர்வதில்லை. சில வாரங்களுக்கு ஒருமுறை ‘டாக்கர் பில்டு’ கட்டளையில் ‘--புல்’, ‘--நோ-கேஷ்’ ஆகிய விருப்பங்களைச் சேர்த்து, புதிய டெபியன் அடித்தளத்தின் மேல் மீண்டும் கட்டி, 1.1 என்று புதிய குறிச்சொல்லோடு ஏற்றுங்கள், 1.0 என்ற பெயரிலேயே வேறொன்றை ஏற்றினால், பழையதை வைத்திருப்பவரும் புதியதை இறக்கியவரும் ஒரே பெயரைச் சொல்லிக்கொண்டு வெவ்வேறு விடைகளைப் பெறுவார்கள். இப்படி மீண்டும் மீண்டும் கட்டும்போது பெயரிழந்த பழைய அடுக்குகள் வட்டில் தங்கும். ‘டாக்கர் சிஸ்டம் டிஎஃப்’ எவ்வளவு இடம் போயிற்று என்று காட்டும், ‘டாக்கர் இமேஜ் புரூன்’ பெயரற்றவற்றை அகற்றும். ‘டாக்கர் சிஸ்டம் புரூன்’ கட்டளையோடு ‘--வால்யூம்ஸ்’ என்பதைச் சேர்த்து ஓட்டச் சொல்லும் அறிவுரை எங்கே கிடைத்தாலும் ஒரு கணம் நில்லுங்கள்; தரவுத்தளம் போன்றவை தங்கள் தரவை வைத்திருக்கும் சேமிப்பிடங்களைத் தொடும் விருப்பம் அது.

கடைசியாக, பத்துப் பேருக்கும் செய்தி அனுப்பும் முன், இந்தக் கோப்புறையே இல்லாத வேறொரு கணினியில் படிமத்தை இறக்கி, முன்பு உரையாக்கிய அதே பன்னிரண்டாம் பக்கத்தை ஓட்டி, இரண்டு உரைக் கோப்புகளையும் ‘டிஃப்’ கட்டளையால் ஒப்பிடுங்கள். அது எதையும் அச்சிடாமல் முடிந்தால், செய்தியை அனுப்பிவிடலாம்.